தற்காலிகமாக இல்லாத தோழர்

என் கணவரால் பறக்க முடியாது. இதை நான் வட்டச் செயலாளரிடம் சொன்னேன். மாகாணச் செயலாளரிடம் சொன்னேன். மாஸ்கோவிலிருந்து வந்த மருத்துவரிடம், அவர் என் நாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தபோது முடிந்த அளவு சொன்னேன். மூவரும் பொறுமையாகக் கேட்டார்கள். மனைவிமார் கணவர்களைக் குறைத்து மதிப்பிடுவது இயல்புதான் என்றார் மருத்துவர்.

நடந்தது இவ்வளவுதான். எழுபத்தொன்பது மார்ச்சில் சவேலி எங்கள் ஊர் ரொட்டித் தொழிற்சாலையின் கூரையில் பனி தள்ளிக்கொண்டிருந்தான். வோல்கா கரையில் மார்ச் மாதத்துப் பனி, கூரை விளிம்பில் பாளமாக இறுகித் தொங்கும். ஒரு பாளம் உடைந்தது, அதோடு அவனும் போனான். ஐந்து மாடி. கீழே அவனே காலையிலிருந்து தள்ளிப்போட்ட பனி குவிந்து கிடந்தது. அதில் மார்புவரை புதைந்து நின்றவன், வெளியே இழுத்ததும் தொப்பி எங்கே என்று கேட்டான். தொப்பி கிடைக்கவில்லை. அன்று மாலை எங்களுக்கு இருந்த ஒரே வருத்தம் அதுதான்.

அசாதாரண ஆற்றல் படைத்த ஒருவரை ஒவ்வொரு மாகாணமும் அந்தக் காலாண்டுக்குள் மாஸ்கோவுக்கு அனுப்பவேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது எங்களுக்குத் தெரியாது. எங்கள் மாகாணம் அதுவரை சணல் நாரும் கெட்டிப்பாலும்தான் அனுப்பியிருந்தது. சவேலி ஐந்தாம் மாடியிலிருந்து விழுந்து பிழைத்தான் என்று தொழிற்சாலை மேலாளர் வட்டத்துக்குத் தெரிவித்தார். விழுந்தான் என்றால் கூரையில் கயிறு ஏன் கட்டவில்லை என்ற கேள்வி வரும். ஆகவே வட்டம், அவன் இறங்கினான் என்று மாகாணத்துக்குச் சொன்னது. படியில்லாத இடத்தில் எப்படி இறங்கினான் என்று மாஸ்கோ கேட்கும் என்று மாகாணம் யோசித்தது. ஆகவே காற்றுவழியாக என்று சேர்த்துக்கொண்டது. யாரும் பொய் சொல்லவில்லை. மேலே இருப்பவர் கேட்கக்கூடிய கேள்விக்கு ஒவ்வொருவரும் முன்கூட்டியே பதில் சொன்னார்கள், அவ்வளவுதான்.

ஏப்ரலில் எங்களைக் கூட்டிப்போனார்கள். அவனோடு என்னையும் ஏன் அழைக்கிறீர்கள் என்று கேட்டேன். மனைவி பக்கத்தில் இருந்தால் பறப்பவர் எல்லை தாண்டிப் போகமாட்டார் என்றார்கள்.

அந்த இடத்துக்குப் பெயர் இல்லை. தபால்பெட்டி எண் மட்டும் இருந்தது. ஆற்றை ஒட்டிய காட்டுக்கு நடுவே சாம்பல் நிறக் கட்டடங்கள், ஒரு உணவகம், ஒரு மன்றம், பழைய தண்ணீர்த் தொட்டிக் கோபுரம். ஊரில் பால் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் கொழுப்பு அளந்துகொண்டிருந்த எனக்கு உணவகத்தில் வேலை கொடுத்தார்கள். சவேலிக்குச் சிவப்புத் துணி கொடுத்தார்கள்.

மக்கள் அதிவல்லமைக் குழுவின் தலைவர் ப்ரோகோர் லுகிச். அதற்குமுன் கம்பளிக் காலணித் துறையைக் கவனித்துக்கொண்டவர். பருத்த, அன்பான மனிதர். பேசும்போது எதிரில் இருப்பவரின் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொள்வார். முதல் நாள் மன்றத்தில் எங்களைக் கூட்டி, மேசையில் ஒரு வண்ணப் புத்தகத்தை வைத்தார். நியூயார்க்கிலிருந்து வணிகத் தூதரகத்துக்காரர் ஒருவர் காலுறைக்குள் வைத்துக் கொண்டுவந்தது. அதில் கட்டம் கட்டமாகப் படங்கள். இறுக்கமான உடுப்புப் போட்ட ஆறு அமெரிக்கர்கள். ஒருவன் பறக்கிறான். ஒருவன் ரயிலைத் தூக்குகிறான். ஒருத்தி பிறர் மனதைப் படிக்கிறாள். ஒருவன் கண்ணுக்குத் தெரிவதில்லை.

“தோழர்களே!” என்றார் ப்ரோகோர் லுகிச். “அமெரிக்க அரசாங்கம் பரம ரகசியமாக ஒரு படையை உருவாக்கியிருக்கிறது. அந்த ரகசியத்தை ஒவ்வொரு பெட்டிக்கடையிலும் விற்கிறது. வண்ணத்தில்! திமிரைப் பாருங்கள்.”

மொழிபெயர்ப்பாளர் மெதுவாக எழுந்து, இது சின்னப் பிள்ளைகளுக்கான கற்பனைக் கதை என்றார். ப்ரோகோர் லுகிச் மேசையைச் சுற்றி வந்து அவருடைய பொத்தானைப் பிடித்தார்.

“நம்ம பிள்ளைங்க புத்தகத்துல என்ன இருக்கு? அமோக அறுவடை இருக்கு. சந்தோஷமான பால்காரி இருக்கா. அதெல்லாம் பொய்யா?”

மொழிபெயர்ப்பாளர் இல்லை என்றார்.

“அப்ப அவங்க புத்தகம் மட்டும் எப்படிப் பொய்யாகும்?”

அடுத்த வாரம் வேறொரு மொழிபெயர்ப்பாளர் வந்தார். அவர் எதையும் விளக்கவில்லை.

படத்தில் ஆறு பேர் என்பதால் எங்கள் குழுவிலும் ஆறு பேர். இரண்டு மாகாணங்கள் இன்னும் ஆள் அனுப்பவில்லை. அவர்கள் வரும்வரை அவர்களுடைய நாற்காலிகள் கூட்டத்தில் கலந்துகொண்டன. ஒவ்வொரு தீர்மானத்துக்கும் அவை சம்மதித்ததாகக் கணக்கு. ரயிலை இழுப்பவன் ஒரு சர்க்கஸ்காரன். அவனுக்காகத் தண்டவாளத்தைச் சரிவில் போட்டிருந்தார்கள். ரயில் அவனுக்குப் பின்னால் வரும், அவன் முன்னால் ஓடுவான். பார்ப்பதற்கு இழுப்பது போலவேதான் இருக்கும்.

மனம் படிப்பவள் அன்ஃபிசா. தொலைபேசி நிலையத்தில் இருபது வருடம் இணைப்புக் கொடுத்தவள். சமையல்கட்டில் வந்து என்னோடு உருளைக்கிழங்கு உரிப்பாள்.

“மனசும் தெரியாது மண்ணும் தெரியாது ஃபாயா,” என்பாள். “ஜனங்க பேசறத ஒட்டுக்கேட்டேன். கேட்டுக் கேட்டு, பேசாதப்பவும் என்ன பேசுவாங்கன்னு தெரிஞ்சுபோச்சு.”

அவளுடைய தேர்வின்போது ப்ரோகோர் லுகிச், தான் என்ன நினைக்கிறேன் என்று சொல்லச் சொன்னாராம். ‘உங்க இடத்துக்கு வேற ஆளைப் போட்டுடுவாங்களோன்னு பயப்படறீங்க’ என்றிருக்கிறாள். அவர் வெளுத்துப்போய் அங்கேயே அவளைத் தேர்ச்சி பெறச்செய்தார். தேர்வுக்குழுவின் மற்றவர்களும் ஆளுக்கொரு முறை சோதித்தார்கள். எல்லோருக்கும் அதையே சொன்னாள். ஒருமுறையும் தவறவில்லை.

கண்ணுக்குத் தெரியாதவர் கேஷா. உயரம், நிறம், கனம் எல்லாம் சவேலியைப் போலத்தான், முகம் மட்டும் யாருக்கும் நினைவில் நிற்காது. அதற்காகவே அவருடைய மாகாணம் அவரை அனுப்பியது. பள்ளிக்கூடப் புகைப்படத்தில் நடுவில் நிற்கிறார், உடன் படித்த ஒருவருக்கும் அவரைத் தெரியவில்லை. ஆனாலும் அவர் தெரியத்தான் செய்தார். நிபுணர்கள் சில வாரம் முயன்று பார்த்தார்கள். பிறகு ப்ரோகோர் லுகிச் சிக்கலை நிர்வாகரீதியாகத் தீர்த்தார். குறிப்பிட்ட தேதியிலிருந்து தோழர் கேஷாவைப் பணியாளர் எவரும் பார்க்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்.

முதல் சில நாள் கேஷாவுக்கு அது பிடித்திருந்தது. வரிசையில் நிற்காமல் முன்னால் போகலாம். ஆனால் பரிமாறும் இடத்துக்குப் போனால் தட்டில் ஒன்றும் விழாது. இல்லாத ஆளுக்குச் சூப் ஊற்றினால் ஊற்றியவளுக்குத் தண்டனை. காலணி பழுது பார்ப்பவன் அவருடைய காலணியை வாங்கிக்கொள்ளவில்லை. மருத்துவர் இருமலைக் கேட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தார். அவர் இளைக்க ஆரம்பித்தார். ஜூனில் அவருடைய உடுப்புத் தனியாக நடந்துபோவது போல இருந்தது. ப்ரோகோர் லுகிச் அதைக் கவனித்து, பணி வேகமாக முன்னேறுகிறது என்று பாராட்டினார், அவர் இருந்த திசைக்கு எதிர்த்திசையைப் பார்த்து.

கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் தினமும் ஒரு கிண்ணம் சூப்பை நான் மறந்துவைக்க ஆரம்பித்தேன். திரும்பி வரும்போது கிண்ணம் கழுவியிருக்கும். அவர் நன்றி சொன்னதில்லை. சொன்னால் கேட்டதாகிவிடும்.

சவேலியின் பயிற்சி வகுப்பறையில் தொடங்கியது. ஒரு பேராசிரியர் வந்து, புவியீர்ப்பு விதியை வகுத்தவன் ஒரு ஆங்கிலேயன் என்பதை எப்போதும் நினைவில் வைக்கவேண்டும் என்றார். கதவருகில் தேநீர்த் தட்டோடு நின்ற நான், விதியை யார் சொன்னாலும் சாய்த்த பால் கீழேதான் விழும், என் கணவரும் விழுவார் என்றேன். பேராசிரியர் கோபப்படவில்லை. பால் எப்போதும் விழும் என்பது உண்மைதான், ஆனால் பாலுக்கு இலட்சியம் கிடையாது என்றார்.

பிறகு செயல்முறை. சவேலியை நாற்காலியில் ஏற்றிக் குதிக்கச் சொன்னார்கள். அதை முதல் பறப்பு என்று பதிந்தார்கள். அடுத்த வாரம் மேசை. அதற்கடுத்த வாரம் துணி அலமாரி. வரைபடத்தில் கோடு மேலே ஏறிக்கொண்டே போனது. அதை மன்றத்தில் மாட்டினார்கள். அலமாரியிலிருந்து குதித்தபோது கணுக்கால் பிசகியது. ஒற்றைக் காலில் தரையிறங்கும் திறன் கைவந்தது என்று பதிந்தார்கள். அந்தச் சமயம் லெனின்கிராதிலும் இப்படி ஒரு குழு இருப்பதாகவும், அவர்கள் இரண்டு மாடி உயரம் உறுதியளித்திருப்பதாகவும் செய்தி வந்தது. ப்ரோகோர் லுகிச் சவேலியின் சார்பில் எழுந்து நின்று, புரட்சித் திருநாளுக்குள் தண்ணீர்த் தொட்டிக் கோபுரம் என்று உறுதியளித்தார்.

சிவப்புத் துணியிலும் ஒரு சங்கடம் இருந்தது. கொடி நெய்யும் ஆலையில் கொடித் துணியிலேயே தைத்திருந்தார்கள். ஆகவே அது தரையில் படக் கூடாது. சவேலி எங்கே போனாலும் இரண்டு இளைஞர் சங்கத்தார் ஆளுக்கொரு முனையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார்கள். கழிப்பறை வாசலிலும் நின்றார்கள்.

“பேசாம சொல்லிடு சாவா,” என்றேன் சவேலியிடம். நான் அவனைக் கூப்பிடுவது அப்படித்தான். “ஏறவே மாட்டேன்னு சொல்லிடு.”

“சொன்னா எத்தன பேரு வேல போகும் தெரியுமா? நம்ம மேலாளர், வட்டத்துக்காரங்க... மேலாளருக்கு மூணு பிள்ளைங்க. பாவம்.”

“நீ விழுந்தா?”

“கீழ வலை விரிப்பாங்க. தலைவரே சொன்னாரு. வலையில குதிச்சிட்டு எந்திரிச்சு கையாட்டணும். அவ்ளோதான். முடிஞ்சதும் வீடு தராங்க ஃபாயா. தனிக் குளியலறையோட.”

ஊரில் நாங்கள் என் தங்கை குடும்பத்தோடு ஒரே அறையில், நடுவில் திரை கட்டி இருந்தோம். தங்கை கணவனின் குறட்டைக்கு நான் பதினொரு வருடமாகப் பழகவில்லை. தீயணைப்புக்காரர்களின் வலையைப் போய்ப் பார்த்தேன். கயிறு தடிமனாக இருந்தது. அதன்பின் நான் அவனைத் தடுக்கவில்லை.

அக்டோபரில் அடுத்த புத்தகம் வந்தது. அட்டையிலேயே சவப்பெட்டி. அமெரிக்கர்களின் பறக்கும் ஆள் இறந்துவிட்டான். மற்ற ஐந்து பேரும் இறுக்கமான உடுப்போடு தலைகுனிந்து நின்றார்கள். மழை பெய்தது. அன்ஃபிசா சமையல்கட்டுக்கு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அவங்க ஆளே போயிட்டான், இனி நம்ம ஆள் எதுக்கு, கிளம்பி வீட்டுக்குப் போங்க என்றாள். சவேலி பெட்டியைக் கட்டிலின் அடியிலிருந்து இழுத்தான். அன்றிரவு நாங்கள் ஊரில் வாங்கவேண்டிய தொப்பியைப் பற்றிப் பேசினோம். முயல்தோலா ஆட்டுத்தோலா என்று முடிவாகவில்லை.

மறுநாள் காலை கூட்டம். ப்ரோகோர் லுகிச்சின் கண்கள் வீங்கியிருந்தன.

“தோழர்களே, பறப்பதில் அவர்கள் முந்தினார்கள். பொறுத்துக்கொண்டோம். மறைவதில் முந்தினார்கள். ஈடுகட்டினோம். இப்போது சாவதிலும் முந்திவிட்டார்கள். நான் கேட்கிறேன், சாவு யாருடைய துறை? போரில் அதிகம் செத்தது யார்? இந்த நூற்றாண்டில் தியாகத்தில் நம் பக்கத்தில் நிற்க ஒரு தேசம் உண்டா? கோதுமையை அவர்களிடம் வாங்குகிறோம். இதையும் அவர்களிடமே விட்டுவிட்டால் நமக்கென்று மிஞ்சுவது என்ன?”

அவர் அழுதார். நடிக்கவில்லை. அவருடைய இரண்டு அண்ணன்களும் போரிலிருந்து திரும்பாதவர்கள்.

சவேலி சாகவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அப்படி நினைப்பதுகூட மனிதத்தன்மையற்றது என்று ப்ரோகோர் லுகிச் குறிப்பாகச் சொன்னார். வலை மட்டும் தேவையில்லை என்று முடிவாயிற்று. பறப்பவர்மேல் நம்பிக்கை இல்லாதவர்கள்தான் வலை விரிப்பார்கள். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. இரண்டு நாற்காலிகளும் சம்மதித்தன. சவேலியும் கை தூக்கினான்.

ஏன் தூக்கினாய் என்று வெளியே வந்ததும் கேட்டேன்.

“எல்லாரும் தூக்கினாங்க,” என்றான். பிறகு தன் கையைப் பார்த்தான்.

நான் ப்ரோகோர் லுகிச்சின் அறைக்குப் போனேன். அவருடைய பொத்தானை நான் பிடித்துக்கொண்டேன். என் கணவரால் பறக்க முடியாது என்றேன். அவர் எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

“நீங்க அவர ரொம்ப நேசிக்கறீங்க ஃபாயினா எஃபிமோவ்னா. மறைக்காம சொல்றேன், எனக்கும் சந்தேகம் இருக்கு. ஆனா யோசிச்சுப் பாருங்க, அவரால முடியாதுன்னா இவ்வளவு பேரு கையெழுத்துப் போட்டிருப்பாங்களா?”

புரட்சித் திருநாளான நவம்பர் ஏழாம் தேதி காலை சவேலி முகம் மழித்துக்கொண்டு நின்றான். கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.

“ஒருவேள முடியுமோ?”

“முடியாது சாவா.”

“எனக்கும் தெரியும். ஆனா ஏழு மாசமா எல்லாரும் முடியும்னே சொல்றாங்க. நீ ஒருத்திதான் மாத்திச் சொல்ற.” கன்னத்தில் கத்தி பட்டு ஒரு துளி ரத்தம் வந்தது. அதில் செய்தித்தாளின் ஓரத்தைக் கிழித்து ஒட்டிக்கொண்டான். “மேல போய் நின்னு பாக்கறேன். சரியா படலைன்னா இறங்கி வந்துடறேன். திட்டுவாங்க, திட்டட்டும்.”

அதுதான் எங்கள் திட்டம்.

கோபுரத்தின் இரும்பு ஏணி பாதிக்குக் கீழே துருப்பிடித்து உதிர்ந்துபோயிருந்தது. அதுவரை மர ஏணி வைத்துத்தான் ஏறவேண்டும். சவேலி ஏறினான். துணியின் முனைகளோடு இரண்டு இளைஞர் சங்கத்தாரும் மர ஏணியின் உச்சிவரை ஏறினார்கள், அதற்குமேல் துணி தானாகத் தொங்கியது. தரை எட்டாத உயரம் என்பதால் ஆட்சேபம் இல்லை. அவர்கள் இறங்கியதும் மன்றத்துக்காரர்கள் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். திருநாளுக்காக மன்றத்தில் பெரிய உருவப்படத்தை மாட்ட ஏணி வேண்டியிருந்தது, வளாகத்தில் நல்ல ஏணி அது ஒன்றுதான். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. பறப்பவருக்கு இறங்குவதற்கு ஏணி எதற்கு என்று யாரோ கேட்டிருக்கிறார்கள், கேள்வி நியாயமாகப் பட்டிருக்கிறது.

மாஸ்கோவிலிருந்து வந்தவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். வாத்தியக்குழு வாசித்தது. ப்ரோகோர் லுகிச் பேசினார். சவேலி மேலே விளிம்பில் நின்று கீழே பார்த்தான். பிறகு அவன் சொன்னபடியே திரும்பி, இரும்பு ஏணியில் பாதிவரை இறங்கினான். கால் வெறும் காற்றில் துழாவியது. கீழே பார்த்தான்.

“ஏணி எங்க?” என்று கேட்டான். தொப்பியைக் கேட்ட அதே குரல்.

ப்ரோகோர் லுகிச் வாத்தியக்குழுவைப் பார்த்துக் கையசைத்தார். அவர்கள் மறுபடி முதலிலிருந்து வாசித்தார்கள். நான் மன்றத்துக்கு ஓடினேன். ஏணியின் உச்சியில் ஒருவன் நின்று படத்தின் கோணல் சரியாயிற்றா என்று கேட்டுக்கொண்டிருந்தான். ஏணி வேண்டும் என்றேன். எழுத்தில் கேட்கவேண்டும் என்றான். நான் ஏணியை உலுக்கினேன். என்னைப் பிடித்துக்கொண்டார்கள். ஜன்னல் வழியாகக் கோபுரம் தெரிந்தது. சவேலி மறுபடி மேலே ஏறி, தொட்டியில் முதுகை ஒட்டி நின்றுகொண்டிருந்தான். அவன் அங்கேயே நின்றிருந்தால் மாலைக்குள் யாராவது சலித்துப்போய் ஏணி கொண்டுவந்திருப்பார்கள். ஆனால் நவம்பரில் ஆற்றுப் பக்கமிருந்து காற்று வரும். கொடித் துணி காற்றை வாங்குவதற்கென்றே நெய்யப்பட்டது.

முதலில் துணிதான் பறந்தது. அவன் அதன் முனையில் இருந்தான்.

கோபுரத்தின் அடியிலிருந்து நான்கு மீட்டர் தள்ளிக் கிடந்தான். அந்த நான்கு மீட்டரை அளந்துகொண்டார்கள். குழுவின் முதல் கிடைமட்டப் பறப்பு அதுதான். தரையிறங்குதல் பற்றி ஆய்வு தொடர்கிறது என்று குறித்தார்கள். துணி அவன்மேல் விரிந்து கிடந்தது, தரையிலும் பட்டிருந்தது. இளைஞர் சங்கத்தார் இருவருக்கும் கண்டிப்பு வழங்கப்பட்டது.

அதற்குப்பின் எல்லாம் மரியாதையாக நடந்தது. மாஸ்கோவுக்கு வெளியே எனக்கு வீடு கொடுத்தார்கள். ஒன்பதாவது மாடி, பால்கனியோடு. தனிக் குளியலறையும் இருந்தது. வீரனின் விதவை என்று உதவித்தொகை கொடுத்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் வந்து, மாமா எவ்வளவு உயரம் பறந்தார் என்று கேட்டார்கள். அவர்களுடைய ஆசிரியை என் பதிலுக்குக் காத்திராமல் அவர்களே சொல்லும்படி கற்றுக்கொடுத்திருந்தாள்.

ஜனவரியில் ப்ரோகோர் லுகிச் வந்தார். கையில் புதிய புத்தகம். மேல்சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

“திரும்பி வந்துட்டான்,” என்றார்.

யார் என்று கேட்டேன்.

“அவங்க ஆளு. பனிப்பாறைக்குள்ள இருந்தானாம். உடச்சிக்கிட்டு வந்துட்டான். தாடி மட்டும்தான் வளந்திருக்கு.” அவர் சோபாவில் விழுந்தார். “செத்தவன எழுப்பற வித்தைய கண்டுபிடிச்சிட்டாங்க ஃபாயினா எஃபிமோவ்னா. நம்மகிட்ட அதுக்கு ஒரு துறைகூடக் கெடையாது.”

அந்த வாரமே உதவித்தொகை நின்றது. திரும்பி வரப்போகிறவரின் மனைவி விதவை ஆகமுடியாது. சவேலி தற்காலிகமாக இல்லாதவர் என்ற வகைக்கு மாற்றப்பட்டான். முதல் காலாண்டுக்குள் திரும்பவேண்டும். அவன் வான்வழியாக வருவான் என்பதால் பால்கனிக் கதவை இரவும் பகலும் திறந்துவைக்கவேண்டும் என்று உத்தரவு வந்தது. நான் கோட்டோடு தூங்கினேன். குளியலறையில் தண்ணீர் உறைந்தது. ப்ரோகோர் லுகிச் வாரம் ஒருமுறை வந்து, கதவைத் தள்ளிப்பார்த்துவிட்டு, வந்தாரா என்று கேட்பார். இல்லை என்பேன்.

“அவங்க ஆளு மூணு மாசத்தில வந்துட்டான்,” என்பார், என்னைக் குறைசொல்லும் குரலில். “நீங்க மனசார எதிர்பாக்கறீங்களா?”

எதிர்பார்த்தேன். அதை யாரிடமும் சொன்னதில்லை. இரவில் துணி படபடக்கும் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். பக்கத்து வீட்டுத் துணிக்கயிற்றில் உறைந்த சட்டை.

மார்ச் கடைசியில் ஒரு மத்தியானம் அவர் கேக்கோடு வந்தார். புகைப்படக்காரரையும் கூட்டிவந்திருந்தார். தாய்நாடு உங்கள் கணவரைத் திருப்பித் தருகிறது என்றார். பத்தாவது மாடியில் கயிறு முனகும் சத்தம் கேட்டது. இரண்டு கால்கள் பால்கனிக்கு மேலே தெரிந்தன. பிறகு முழங்கால், பிறகு சிவப்புத் துணி. அதன் முனைகளை மேலேயிருந்து இரண்டு பேர் பத்திரமாக விட்டுக்கொண்டிருந்தார்கள்.

கேஷா பால்கனியில் நின்றார். கயிறு இறுக்கியதில் மூச்சு வாங்கியது. ஒட்டுத்தாடி ஒரு பக்கம் பிரிந்திருந்தது.

“வணக்கம் ஃபாயினா எஃபிமோவ்னா.”

“ஃபாயான்னு கூப்பிடுங்க,” என்று திருத்தினார் ப்ரோகோர் லுகிச்.

“ஃபாயா,” என்றார் கேஷா, தரையைப் பார்த்து.

இது கேஷா என்றேன்.

“எந்த கேஷா?” என்று ப்ரோகோர் லுகிச் உண்மையான ஆவலோடு கேட்டார். “குழுவில அப்படி ஒருத்தர யாராவது பாத்திருக்காங்களா? நீங்க பாத்தீங்களா?”

பார்த்தேன் என்றால் உத்தரவை மீறிய குற்றம். கழுவும் தொட்டிப் பக்கம் இருந்த கிண்ணமும் வெளியே வரும். நான் புகைப்படக்காரரைப் பார்த்தேன். அவர் வெளிச்சம் போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். ப்ரோகோர் லுகிச் இப்போது கேஷாவை உற்றுப்பார்த்தார், ஒரு வருடத்தில் முதல் முறையாக. கண் சாம்பல் நிறம் என்று தெரிந்து ஆச்சரியப்பட்டார்.

கேஷாவை மேசைக்கு முன் உட்காரவைத்தேன். முட்டைக்கோஸ் சூப் இருந்தது. ஊற்றினேன். அவர் கிண்ணத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, பழைய வழக்கப்படி கதவைப் பார்த்தபடியே குடித்தார். யாரும் பிடுங்கவில்லை என்று தெரிந்ததும் கையை எடுத்தார்.

ப்ரோகோர் லுகிச் கேக்கை வெட்டினார். மே தினத்துக்கு மறுபடி கோபுரம் என்றார். அமெரிக்க ஆள் இப்போது மேகத்துக்கு மேலே போகிறானாம், ஆகவே தொட்டியின் உச்சியில் இன்னொரு சட்டகம் பொருத்துகிறார்கள். வலை பற்றி இன்னும் முடிவாகவில்லை.

கேஷாவின் கரண்டி நின்றது.

“நான் பறப்பேனா ப்ரோகோர் லுகிச்?”

“போன தடவையே நாலு மீட்டர் போனீங்களே.”

கேஷா என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தை இப்போதும் என்னால் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. கேள்வி மட்டும் நினைவிருக்கிறது.

“ஒருவேள முடியுமோ?” என்று என்னிடம் கேட்டார்.

அவருடைய கன்னத்தில், தாடி பிரிந்த இடத்தில், செய்தித்தாள் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. நான் எழுந்து நின்றேன். வட்டத்திலும் மாகாணத்திலும் சொன்னதைவிட உரக்கச் சொன்னேன்.

“என் கணவரால் பறக்க முடியாது.”

ப்ரோகோர் லுகிச்சின் முகம் மலர்ந்தது. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். நான் சொல்லி அவர் எழுதிக்கொண்டது அதுதான் முதல் தடவை. என் கணவர் என்பதுவரை எழுதிவிட்டுப் பேனாவை மூடினார்.

“ரொம்ப நன்றி,” என்றார். “அடையாளம் காட்டறது ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சு.”

புகைப்படக்காரர் எங்கள் இருவரையும் நெருங்கி உட்காரச் சொன்னார். போகும்போது ப்ரோகோர் லுகிச் பால்கனிக் கதவைத் தானே சாத்தித் தாழிட்டார். அது திறந்திருக்கவேண்டிய அவசியம் இனி இல்லை.

அறை மெல்லச் சூடாயிற்று. இன்னும் கொஞ்சம் சூப் இருக்குமா என்று கேஷா கேட்டார்.